பத்தாவது ஆளைச் சேர்க்கும்போது: இ.எஸ்.ஐ., விபத்து, பிரசவம், உங்கள் சம்பளக் கணக்கு

சின்ன பனியன் கம்பெனியோ பிரஸ் யூனிட்டோ நடத்துகிறவரிடம் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ‘ஒன்பது பேர்’ என்பார். உள்ளே பதினான்கு மெஷின் ஓடும், மதியம் பதினாறு டிபன் பாக்ஸ் திறக்கும். வருகைப் பதிவேட்டில் மட்டும் ஒன்பது பெயர்தான் இருக்கும். காரணம் ஊருக்கே தெரியும். பத்து பேர் ஆகிவிட்டால் தொழிலாளர் அரசுக் காப்பீடு, நாம் எல்லோரும் சொல்கிற இ.எஸ்.ஐ., கட்டாயம்.

ஒன்பதோடு நிற்பது சிக்கனம் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் தாளை எடுத்து எழுதிப் பார்த்தவர்கள் குறைவு. இந்த அத்தியாயத்தில் அதை எழுதிப் பார்ப்போம். மருத்துவம் தொடர்பான தொழிலாளர் சட்டங்கள் உங்கள் செலவை எங்கே ஏற்றுகின்றன, எங்கே இறக்குகின்றன, யாரை வேலைக்கு எடுப்பது என்ற முடிவை எப்படி மாற்றுகின்றன என்பதுதான் பேச்சு. வருங்கால வைப்பு நிதிக்கு இருபது பேர் என்ற தனிக் கணக்கு இருப்பதால் அதை இங்கே கலக்கவில்லை.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுவோம். இ.எஸ்.ஐ. சட்டம் 1948-இல் நிறைவேறியது. திட்டத்தை 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு தொடங்கிவைத்தார். மில்கள் நிறைந்த கோவைக்கு அது 1955-இல் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்து, 1948 சட்டத்தோடு 1923-இன் விபத்து இழப்பீட்டுச் சட்டம், 1961-இன் மகப்பேறு சட்டம் ஆகியவற்றின் இடத்தையும் எடுத்துக்கொண்டது. பெயர் மாறியிருக்கிறது, நீங்கள் மாதாமாதம் கட்டுகிற விகிதம் மாறவில்லை. நிறுவனத்தின் பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம். 2019 ஜூன் வரை இது 4.75, 1.75 என்று இருந்தது. உங்கள் அப்பா காலத்து முதலாளிகள் ‘ஆறரை பர்சன்ட்’ என்று அலுத்துக்கொண்டது அந்தப் பழைய விகிதத்தைத்தான். இன்று மொத்தமே 4 சதவீதம்.

பத்தாவது ஆளின் உண்மையான விலை

ஓர் உதாரணம். உங்களிடம் ஒன்பது பேர் இருக்கிறார்கள், ஆளுக்குச் சராசரியாக மாதம் 16,000 ரூபாய். இ.எஸ்.ஐ. இல்லை. இப்போது பத்தாவது ஆளைச் சேர்க்கிறீர்கள். அவருக்கு மட்டும் 520 ரூபாய் கூடுதலாகும் என்று நினைத்தால் தவறு. அவர் வந்த நாள் முதல் பத்து பேருக்கும் கட்ட வேண்டும். பத்து பேருக்கு 1,60,000 ரூபாய்ச் சம்பளம், அதில் 3.25 சதவீதம் 5,200 ரூபாய். ஆக அந்தப் பத்தாவது ஆளால் உங்களுக்கு ஆகும் செலவு 16,000 அல்ல, 21,200 ரூபாய்.

இதுதான் ‘ஒன்பது பேர்’ என்ற பதிலுக்குப் பின்னால் இருக்கும் பயம். பயத்தில் நியாயமும் இருக்கிறது. சட்டம் ஓர் எண்ணிக்கையில் கோடு போட்டால் கோட்டுக்கு இந்தப் பக்கம் கூட்டம் சேருவது உலகெங்கும் நடப்பதுதான். அமெரிக்காவில் 2010-இல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், முழுநேர ஊழியர்கள் 50 பேர் இருந்தால் காப்பீடு தா, இல்லாவிட்டால் அபராதம் கட்டு என்றது. வாரத்துக்கு 30 மணி நேரம் உழைத்தால் முழுநேரம் என்றும் சொன்னது. ஆட்களை 29 மணி நேரத்தில் நிறுத்திவைத்த முதலாளிகள் அங்கேயும் இருந்தார்கள்.

ஆனால் கணக்கை அடுத்த வரிக்குக் கொண்டுபோங்கள். பதினோராவது ஆளுக்கு ஆகும் செலவு 16,520 ரூபாய்தான். பன்னிரண்டாவது ஆளுக்கும் அதேதான். மேடு ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது. அதனால் என் யோசனை இது: ஆர்டர் நிலையாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எட்டு, ஒன்பது பேரோடு நேர்மையாக ஓட்டுங்கள். இருக்கிறதென்றால் பத்தில் தயங்கி நிற்காமல் பதின்மூன்று, பதினான்கு என்று போங்கள். தொழில் வளர்ந்தும் ஆளைச் சேர்க்காமல் ஒன்பது பேரை ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட் என்று ஓட்டுகிற யூனிட்டில் ஓவர்டைம் கூலியும் தைத்துக் கெட்டுப்போன பீஸும் சேர்ந்தால் 5,200 ரூபாயைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். ஒரு முறை உள்ளே வந்துவிட்டால், பிறகு ஆள் எண்ணிக்கை ஏழாகக் குறைந்தாலும் வெளியே போக முடியாது. தீபாவளி ஆர்டருக்கு இரண்டு மாதம் ஆள் சேர்த்தாலும் அந்த நாள் கணக்கில் வந்துவிடும்.

யார் யார் அந்தப் பத்தில் சேர்வார்கள்

இங்கேதான் அதிகச் சண்டை. காண்ட்ராக்டர் கொண்டுவரும் ஆட்களும் உங்கள் எண்ணிக்கையில் சேர்வார்கள். அவர்களுக்குக் காண்ட்ராக்டர் கட்டாவிட்டால், திட்டத்தை நடத்தும் இ.எஸ்.ஐ. கழகம் நேராக உங்களிடம்தான் வரும். நீங்கள் கட்டிவிட்டு அவர் பில்லில் பிடித்துக்கொள்ளலாம். எனவே காண்ட்ராக்டர் பில்லோடு இ.எஸ்.ஐ. சலானும் வராத மாதம் பணம் கொடுக்காதீர்கள். இந்த ஒரு பழக்கம் போதும், பாதித் தலைவலி போய்விடும்.

‘வாசலில் டீக்கடை போட்டிருப்பவர் நம்ம ஆள் இல்லையே’ என்பவர்கள் 1978-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ராயல் டாக்கீஸ் தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐதராபாத் சினிமா தியேட்டர்களில் கேன்டீனையும் சைக்கிள் ஸ்டாண்டையும் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். அங்கே வேலை பார்த்தவர்களும் இ.எஸ்.ஐ. கணக்கில் தியேட்டரின் ஊழியர்களே என்று நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். வேலை உங்கள் வளாகத்தில், உங்கள் தொழிலுக்குத் துணையாக நடந்தால், சம்பளம் யார் கையால் போகிறது என்பது பெரிதல்ல என்பதே அதன் சாரம்.

மாறாக, பங்குதாரர் எண்ணிக்கையில் சேரமாட்டார். சம்பளம் என்ற பெயரில் அவர் மாதாமாதம் பணம் எடுத்தாலும் அவர் ஊழியர் அல்ல என்று ராமானுஜா மேட்ச் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. அப்ரன்டிஸ் சட்டத்தின்படி முறையாகப் பதிவு செய்த பயிற்சியாளரும் சேரமாட்டார். ‘டிரெய்னி’ என்று நீங்களாகப் பெயர் வைத்தவர் சேர்வார். மாதச் சம்பள வரம்பான 21,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேனேஜருக்குக் காப்பீடு கிடையாது, ஆனாலும் பத்தை எண்ணும்போது அவர் தலையும் எண்ணப்படும்.

யூனிட்டை இரண்டாக உடைத்து ஒன்றை மனைவி பெயரில் பதிவு செய்கிற பழைய வித்தையைப் பற்றியும் கேட்பீர்கள். ஒரே கூரை, ஒரே கரண்ட் மீட்டர், ஒரே ஆள் கையெழுத்து என்றால் இன்ஸ்பெக்ஷனில் இரண்டையும் சேர்த்து ஒன்றாக எண்ணிவிடுவார்கள். அப்போது பழைய மாதங்களுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டிவரும். தொழிலாளியின் பங்கைப் பின்னோக்கிப் போய் அவரிடம் பிடிக்க முடியாது, அதுவும் உங்கள் தலையில்தான்.

3.25 சதவீதத்துக்கு என்ன வாங்குகிறீர்கள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் ஆடிட்டர் பில்லில் இது தெரியாது.

இ.எஸ்.ஐ. இல்லாத யூனிட்டில் ஒருவர் வேலையால் ஏற்பட்ட விபத்தில் இறந்துவிட்டால் இழப்பீட்டை முதலாளியே தர வேண்டும். அதற்குச் சூத்திரம் உண்டு: மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கேற்ற காரணி எண்ணால் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் இந்தக் கணக்குக்கு 15,000 ரூபாய் என்ற உச்சவரம்பு 2020 ஜனவரியில் வந்தது. முப்பது வயதுக்காரருக்குக் காரணி 207.98. அதாவது 7,500 பெருக்கல் 207.98, மொத்தம் 15,59,850 ரூபாய். உயிர் தப்பி, இனி எந்த வேலையும் செய்ய முடியாத முழு ஊனம் என்றால் பாதிக்குப் பதில் 60 சதவீதம். அது 18,71,820 ரூபாய்.

பன்னிரண்டு பேர், ஆளுக்கு 16,000 ரூபாய் என்றால் நிறுவனத்தின் இ.எஸ்.ஐ. பங்கு மாதம் 6,240, வருடத்துக்கு 74,880 ரூபாய். ஒரே ஒரு மரணத்துக்குத் தர வேண்டிய தொகை கிட்டத்தட்ட இருபது வருடச் சந்தாவுக்குச் சமம். இ.எஸ்.ஐ. இருந்தால் அந்தப் பொறுப்பு முழுக்கக் கழகத்துக்குப் போகிறது. அதே விபத்துக்காகத் தொழிலாளியோ குடும்பமோ உங்களிடம் தனியாக இழப்பீட்டு வழக்குப் போட முடியாது. குடும்பத்துக்கு ஒரே தொகையாக இல்லாமல் சம்பளத்தில் 90 சதவீதம் மாதாமாதம் உதவித்தொகையாகப் போகும். விபத்துக்குச் சந்தா நாள் கணக்கும் கிடையாது, சேர்ந்த முதல் நாளே விரல் போனாலும் உரிமை உண்டு. வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், சேரும்.

‘அதற்கு வொர்க்மென் காம்பன்சேஷன் பாலிசி எடுத்தால் போதாதா, இதைவிடக் குறைவாகத்தானே வரும்?’ என்று கேட்கலாம். விபத்துக்கு மட்டும் என்றால் சரியான கேள்விதான். பத்துக்குக் கீழே இருப்பவர் அதையாவது எடுத்தே தீர வேண்டும். ஆனால் அந்தப் பாலிசி டைபாய்டுக்கோ டயாலிசிஸுக்கோ பிரசவத்துக்கோ தராது. பத்தும் அதற்கு மேலும் என்றால், குரூப் மெடிக்ளெய்ம் எடுத்திருக்கிறேன் என்று சொல்லி இ.எஸ்.ஐ.-யிலிருந்து தப்பிக்கவும் முடியாது.

நோய்க்கு வருவோம். ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், நோய் விடுப்பில் இருக்கும்போது தினச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கழகம் தரும். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்கள் 34-க்கு 80 சதவீதம், இன்னும் நீண்ட காலத்துக்கு. இந்தப் பணத்தை வாங்கிக்கொண்டிருக்கும் ஆளை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. இதில் முதலாளிக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். நல்ல கட்டிங் மாஸ்டருக்கு ஆபரேஷன் என்றால் பாதிச் சம்பளமாவது அட்வான்ஸாகக் கொடுத்து அவரைத் தக்கவைக்கத்தான் இன்று பார்க்கிறீர்கள். அந்த அட்வான்ஸ் திரும்பி வந்த கதையை நான் அதிகம் கேட்டதில்லை.

பெண்களை எடுப்பதும் பிரசவ விடுப்பும்

மருத்துவச் சட்டம் வேலைவாய்ப்பை எப்படி மாற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் கிடையாது. 2017 ஏப்ரல் 1 முதல் பிரசவ விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். விடுப்பு எல்லோருக்கும் ஒன்றுதான், அந்தச் சம்பளத்தை யார் தருகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

21,000 ரூபாய்க்குள் வாங்கும் டெய்லர் இ.எஸ்.ஐ.-யில் இருக்கிறார். முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் 70 நாள் சந்தா இருந்தால் 26 வாரமும் முழுச் சம்பளத்தைக் கழகமே கொடுக்கிறது. உங்களுக்கு ஆகும் செலவு மாற்று ஆளைத் தேடும் சிரமம் மட்டும். அதே கம்பெனியில் 40,000 ரூபாய் வாங்கும் மெர்ச்சண்டைசர் இ.எஸ்.ஐ.-க்கு வெளியே இருக்கிறார். அவருடைய ஆறு மாதச் சம்பளம், ஏறக்குறைய 2,40,000 ரூபாய், உங்கள் பையிலிருந்து போகிறது. ஒரே சட்டம், ஒரே விடுப்பு. முதல் இடத்தில் பெண்ணை எடுக்கத் தயங்க எந்தக் காரணமும் இல்லை. இரண்டாவது இடத்தில்தான் இன்டர்வியூவில் ‘கல்யாணம் ஆகிடுச்சாம்மா?’ என்ற கேள்வி வருகிறது.

அந்தக் கேள்வியை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் விடுப்பை 26 வாரமாக்கிய அரசு, அதன் செலவை இ.எஸ்.ஐ. எல்லைக்கு மேல் இருக்கும் பெண்களுக்கு முழுக்க முதலாளி மீதே வைத்தது பிழை என்பதுதான் என் கருத்து. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 183-ஆவது உடன்படிக்கை இந்தச் செலவு சமூகக் காப்பீட்டிலிருந்தோ பொதுநிதியிலிருந்தோ வர வேண்டும், தனி முதலாளி மேல் விழக் கூடாது என்கிறது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை.

சரி, அதுவரை என்ன செய்வது? மாதச் சம்பளக்காரப் பெண் ஊழியர்கள் இருக்கும் நிறுவனம், சம்பளப் பட்டியலில் ஒரு சிறு சதவீதத்தை இதற்கென்று தனியே ஒதுக்கி வைக்கட்டும். திடீரென்று வரும் செலவுதான் கசக்கும். கர்ப்பிணி என்று தெரிந்ததும் நிறுத்திவிடலாம் என்ற யோசனை வேண்டவே வேண்டாம். விடுப்புக் காலத்தில் நீக்குவது சட்டப்படி செல்லாது. 50 பேரை எட்டினால் குழந்தைகள் காப்பகமும் வேண்டும் என்பதைக் கட்டடம் கட்டும்போதே நினைவில் வையுங்கள்.

21,000 என்ற கோடு

இந்தச் சம்பள வரம்பு 2017 ஜனவரியில் நிர்ணயிக்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. ஊர்க் கூலி ஏற ஏற நல்ல கைவேலைக்காரர்கள் ஒவ்வொருவராகக் காப்பீட்டை விட்டு வெளியே போகிறார்கள். வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருக்கும் ஒருவர் ‘சம்பளத்தை ஏத்தாதீங்கண்ணா’ என்று கேட்பது இதனால்தான். 500 ரூபாய் உயர்வு அவருக்கு மாதம் பல ஆயிரம் ரூபாய் நஷ்டம்.

இதில் உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சந்தாக் காலம் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை, பிறகு அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. காலத்தின் நடுவில் சம்பளம் 21,000-ஐத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும்வரை அவர் உள்ளேதான், முழுச் சம்பளத்துக்கும் சந்தா உண்டு. ஏப்ரல்–செப்டம்பர் சந்தாவுக்குப் பலன் காலம், அதாவது வைத்தியம் கிடைக்கும் காலம், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. உயர்வை ஏப்ரல் 1-இல் கொடுத்தால் அவருக்கு முந்தைய காலச் சந்தாவுக்குரிய காப்பீடு மட்டும்தான், அது அந்த டிசம்பரோடு முடியும். மே மாதத்திலிருந்து கொடுத்தால் அடுத்த வருடம் ஜூன் வரை நீளும். ஒரு மாதம் தள்ளிக் கொடுப்பதில் ஆறு மாத வைத்தியம் கிடைக்கிறது. ஆளைக் கூப்பிட்டு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதத்தோடு செய்யுங்கள்.

இன்னொரு மாற்றமும் இந்தக் கோட்டை நகர்த்துகிறது. புதிய தொகுப்பில் ‘சம்பளம்’ என்பதற்கு வேறு விளக்கம். வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை சம்பளத்தில் சேராது, ஆனால் அப்படிக் கழிப்பது மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பழைய இ.எஸ்.ஐ. கணக்கில் வாடகைப்படியும் சேர்ந்தது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 14,000, வாடகைப்படி 14,000 என்று 28,000 வாங்குகிறவர் முன்பு வரம்புக்கு வெளியே இருந்தார். புதிய விளக்கப்படி அவருடைய சம்பளம் 14,000, அதாவது உள்ளே. வெளியே போனவர்கள் என்று நீங்கள் ஒதுக்கிவைத்த பட்டியலை ஆடிட்டரோடு உட்கார்ந்து மறுபடி பாருங்கள்.

‘பிடிக்காதீங்க, கையில கொடுங்க’

தொழிலாளிகளே வேண்டாம் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 16,000-இல் அவர் பங்கு 120 ரூபாய்தான். பணம் அவருக்குப் பிரச்சினை இல்லை. டிஸ்பென்சரியில் அரை நாள் நின்றால் அரை ஷிப்ட் கூலி போகிறது என்பதுதான் குறை, அது உண்மையும்கூட. அதோடு ‘முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கே’ என்பார்கள். அந்தத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 16,000 வாங்குகிறவர் வருடத்துக்கு 1,92,000-க்கு வந்துவிட்டார். மேலும் அந்த அட்டை ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான், படுத்திருக்கும் நாளுக்குக் கூலி தராது. ஒடிசா, பீகார் ஆட்களிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு அந்த ஊர் டிஸ்பென்சரியையே குறித்துக்கொடுக்கலாம். பதிவு செய்யும் நாளிலேயே குடும்ப விவரமும் ஆதாரும் ஏற்றிவிடுவது உங்கள் ஆபீஸ் வேலை. அதை விட்டுவிட்டு, ஆள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இன்சூரன்ஸ் நம்பர் தேடுகிற யூனிட்டுகள்தான் அதிகம்.

உங்கள் 3.25-ஐயும் அவர் சம்பளத்திலேயே பிடிப்பது சட்டவிரோதம். அவர் பங்கைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் சுழற்சிக்கு வைத்துக்கொள்வது அதைவிட மோசம், சிறை வரை போகும். நீங்கள் கட்டாத காலத்தில் அவருக்கு ஏதாவது ஆனால், கழகம் அவருக்குக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை உங்களிடம் வசூலிக்கும். மாதச் சந்தா அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். தாமதத்துக்கு வருடம் 12 சதவீத வட்டி, அபராதம் தனி. வாரச் சம்பளம் போடும் யூனிட்டுகள் ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு பங்கையும் தனிக் கணக்குக்கு மாற்றிவிட்டால் 15-ஆம் தேதி பயமே இருக்காது.

கடைசியாக, பத்து பேர் இல்லாதவர்களுக்கு. புதிய தொகுப்பின்படி, முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் ஒப்புக்கொண்டால் பத்துக்குக் கீழே இருக்கும் யூனிட்டும் விரும்பிச் சேரலாம். அபாயமானது என்று அரசு அறிவிக்கும் தொழிலில் ஒரே ஆள் இருந்தாலும் சேர்க்க வைக்க அதற்கு அதிகாரம் உண்டு. நீங்கள் எட்டு பேரை வைத்துப் பவர் பிரஸ் ஓட்டுகிறவரா? அந்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம், இந்த மாதமே சேருங்கள்.